நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை

பள்ளிக்கூட மணி நாலு மணி சுமாருக்கு அடித்து விடுகிறது. ஆபீஸ் போன அம்மா வீடு திரும்ப ஆறு ஆகிறது. நடுவில் இருக்கும் இந்த இரண்டு மணி நேரம் குழந்தை யார் பொறுப்பில்?

எங்கள் அண்ணாமலை நகர் யுனிவர்சிடி ஊர். கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகிற வீடுகள் இங்கே நிறைய. பாட்டியும் அத்தையும் வீட்டில் இருந்த காலம் போய், "ஸ்கூல் விட்டதும் அங்கேயே இருக்கட்டும்" என்று மாலை நேரக் காப்பகத்தில் விடும் காலம் வந்து விட்டது.

"நான் வீட்டில்தானே இருக்கிறேன், எனக்கு எதற்கு இது?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! நானும் வீட்டோடு இருப்பவள்தான். 2017-ல் என் மாமியார் ஆஸ்பத்திரியில் படுத்து விட்டார். அந்த மூன்று மாதமும், மூன்றாம் வகுப்பு படித்த என் பெண்ணை மாலை வரை பள்ளியிலேயே விட்டு வைக்க வேண்டி வந்தது.

நவம்பர் மாதம், நல்ல மழை. ஆறு மணிக்குப் போக வேண்டியவள் ஆறரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். வராந்தாவில் ஆயா மட்டும் பெருக்கிக் கொண்டிருந்தார்.

"பாப்பாவை அப்பவே கூட்டிட்டுப் போயிட்டாங்களேம்மா!"

"யாரு?"

"உங்களுக்குத் தெரிஞ்சவராம். பாப்பாவே 'மாமா'ன்னு ஓடிச்சு. மழையா வேற இருந்துதா, அனுப்பிட்டேன்."

என் கூடப்பிறந்தவர்கள் யாரும் இந்த ஊரில் இல்லை. எந்த மாமா? எனக்குக் கை கால் வெலவெலத்து விட்டது. என் போனில் சார்ஜ் இல்லை. ஆயாவின் போனை வாங்கி வீட்டுக்காரரைக் கூப்பிட்டால், அவர் வார்டில் போனை அணைத்து வைத்திருக்கிறார். வாய்க்காலெல்லாம் தண்ணீர் ஓடுகிற நேரம். நினைக்கக் கூடாததெல்லாம் நினைத்தது மனசு.

ஒரு மணி நேரம் கழித்து, அவர் போனைத் திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தன் பையனை அழைக்க வந்த அவருடைய சிநேகிதர், 'மழையில் குழந்தை தனியாக இருக்கிறதே' என்று இரக்கப்பட்டு, ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். எங்கள் இருவருக்கும் போன் செய்து பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. நான் ஓடியபோது மகராசி முறுக்கைக் கடித்துக் கொண்டு டி.வி. பார்த்துக் கொண்டிருந்தாள்!

யார் மேல் கோபப்படுவது? ஆயா நல்லவர், சிநேகிதரும் நல்லவர். அங்கேதான் சங்கடமே. 'தெரிந்தவர்' என்ற ஒரே காரணத்துக்காகக் கதவு திறந்தது. அன்று வந்தவர் நல்லவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். குழந்தையின் பத்திரத்தை அதிர்ஷ்டத்துக்கு விடலாமா?

அடுத்த வாரமே ஏழெட்டு அம்மாக்கள் சேர்ந்து போய்ப் பொறுப்பு டீச்சருடன் உட்கார்ந்து பேசினோம். அவரும் நல்ல மனசோடு ஒத்துக்கொண்டார். நோட்டில் எழுதி வைத்த விதிகள் இவைதாம்:

1. யார் அழைத்துப் போகலாம்? ஒரு குழந்தைக்கு மூன்று பேர். பெயர், போட்டோ, போன் நம்பர் பள்ளியில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் சொந்தத் தாய்மாமனாகவே இருந்தாலும், பெற்றோரிடம் பேசிச் சம்மதம் வாங்காமல் அனுப்பக் கூடாது. அழைத்துப் போகிறவர் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

2. வகுப்பு முடிந்து காப்பக அறைக்கு வருவதற்குள்தான் குழந்தை விளையாட்டாக வெளியே நழுவும். ஆகவே வகுப்பு டீச்சர் எண்ணி ஒப்படைக்க வேண்டும், இங்கே இருப்பவர் எண்ணி வாங்க வேண்டும்.

3. கடைசிக் குழந்தை போகும் வரை பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். மூடிய அறையில் ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர் மட்டும் இருக்கவே கூடாது.

4. பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் எந்த மருந்தும் தரக் கூடாது. எந்தக் குழந்தைக்கு வலிப்பு, இழுப்பு, எந்தப் பண்டம் ஒத்துக்கொள்ளாது என்பது நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். காய்ச்சல் அடித்தால் உடனே போன்.

5. குழந்தைகள் உள்ளே இருக்கும்போது வெளியேறும் வழி எதையும் பூட்டக் கூடாது. வாசல் கேட்டில் ஆள் இருக்க வேண்டும்.

ஐந்தாவது விதியைப் படித்ததும் கும்பகோணம் உங்களுக்கு நினைவு வந்திருக்கும். இங்கிருந்து ரயிலேறினால் போய்விடுகிற ஊர். 2004 ஜூலை 16 அன்று அங்கே சமையல் கொட்டகையில் பிடித்த தீ, பள்ளியின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிஞ்சுகளைப் பலி வாங்கியது. அதன் பின் தொடரப்பட்ட வழக்கில் 2009-ல் சுப்ரீம் கோர்ட், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தையின் உரிமை என்று தீர்ப்புச் சொல்லியது. தீயணைப்புக் கருவிகளும் அவற்றைக் கையாளும் பயிற்சியும் பள்ளிகளில் அவசியம் என்றும் உத்தரவிட்டது. 2012-ல் தாம்பரம் பக்கத்தில் பஸ் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான், தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. பாருங்களேன், ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறது. 'ரூல்ஸ், ரூல்ஸ்னு உயிரை வாங்கறாங்க' என்று இனிமேல் நாம் அலுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். குழந்தையிடம் யாராவது தகாத முறையில் நடந்தது தெரிந்தால் மூடி மறைக்கக் கூடாது. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்ற இலவச எண் இருக்கிறது. ரேஷன் கார்டு நம்பரை நினைவில் வைப்பது போல இதையும் மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

பள்ளி மட்டும் ஒழுங்காக இருந்தால் போதுமா? நம் பங்கு ஒன்று இருக்கிறதே! நேரத்துக்குப் போக வேண்டும். தாமதம் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். போன் நம்பர் மாறினால் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். போனில் சார்ஜ் இல்லாமல் அலையக் கூடாது (இது எனக்கு நானே சொல்லிக் கொள்வது!). 'பட்டியலில் உங்கள் பெயர் இல்லை' என்று ஆயா நம் மாமனாரையே நிறுத்தினால் சண்டைக்குப் போகாமல், "நல்ல காரியம் செஞ்சீங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் அடுத்த முறையும் அவருக்கு நிற்கத் தைரியம் தரும்.

எங்கள் வீட்டில் ரகசிய வார்த்தை ஒன்றும் வைத்துக் கொண்டோம். "அம்மா கூட்டிட்டு வரச் சொன்னா" என்று யார் வந்தாலும், அந்த வார்த்தையைச் சொன்னால்தான் பெண் நகருவாள். சிதம்பரத்துக்காரர்கள் என்ன வைப்போம்? 'கொத்சு'தான்! நாலு பேருக்குத் தெரிந்து போனதால் அதை எப்போதோ மாற்றி விட்டோம்.

சில மாதம் கழித்து அதே சிநேகிதர் என் பெண்ணை அழைக்கப் போயிருக்கிறார், இந்த முறை நாங்கள் கேட்டுக் கொண்டதால். ஆயா அவரை வராந்தாவில் உட்கார வைத்து, எனக்குப் போன் செய்து கேட்ட பிறகே அனுப்பினார். கையெழுத்தும் வாங்கிக் கொண்டார். சிநேகிதர் சிரித்துக் கொண்டே சொன்னார்: "பாஸ்போர்ட் ஆபீஸ்ல கூட இவ்வளவு கேக்கலைம்மா!"

எனக்கு அன்றுதான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.