புளூபெர்ரியும் குளிர்ச்சியும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்துப் புளிப்பு மண்ணில், எலிசபெத் ஒயிட் என்னும் பண்ணைப் பெண்மணியும் பிரெடெரிக் கோவில் என்னும் தாவர சாஸ்திரியும் காட்டுச் செடியைப் பண்படுத்தி 1916-ஆம் ஆண்டு முதன்முதலாகச் சந்தைக்கு அனுப்பிய புளூபெர்ரி, இன்று இத்தனை ஆவலோடு வாங்கப்படுவதற்கு அதன் தோலில் செறிந்திருக்கும் ஆந்தோசயனின் என்ற வர்ணப் பொருளே பிரதான காரணம். நாவற்பழம் நம் நாவில் ஏற்றும் ஊதாக் கறையும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான். ஆய்வுக்கூடத்தில் இது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வல்லமை காட்டுகிறது.

பறித்த பின்னும் பழம் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. 0 டிகிரியை ஒட்டிய குளிரில் அந்தச் சுவாசம் மந்தப்படுவதால், புளூபெர்ரியின் வர்ணம் பெரும்பாலும் பங்கமின்றி நிற்கிறது. ஸ்ட்ராபெர்ரியிலும் ராஸ்பெர்ரியிலுமோ, குளிர் மிகக் கடுமையாக இல்லாவிடில், பறித்த பிறகும் புது ஆந்தோசயனின் உற்பத்தியாகிறது என்பது எனக்குப் பேராச்சரியம் தரும் விஷயம். வைட்டமின் சி-க்கு இந்தப் பாக்கியம் இல்லை. அது நாளடைவில் குறைகிறது.

உண்மையான நஷ்டம் சாற்றுக்காக ஆலையில் பழத்தை நசுக்கும்போதுதான் நேர்கிறது. முழுப் பழத்தில் தனித்தனி அறைகளில் அடைபட்டிருந்த நொதியும் குளோரோஜெனிக் அமிலமும் ஒன்றோடொன்று கலந்து, காற்றின் துணையோடு வர்ணத்தைச் சிதைக்கத் தொடங்குகின்றன. பிழைத்ததிலும் கணிசமான பங்கு தோலோடு சக்கையில் தங்கிவிடுகிறது. பிழிவதற்கு முன் சிறிது நேரம் நீராவி காட்டி நொதியை முடக்கினால், சாற்றில் அதிக வர்ணம் இறங்குகிறது. பின்னர் புட்டியில் அடைத்த சாறு அறையின் உஷ்ணத்தில் மாதக்கணக்கில் நின்றால், ஆந்தோசயனின் மூலக்கூறுகள் பிற பொருள்களோடு பிணைந்து பெருமூலக்கூறுகளாகின்றன. நிறம் ஓரளவு நிற்பதால் கண் ஏமாறுகிறது. பழச்சாறு வாங்குவோர் குளிர்பெட்டியில் வைத்ததையே, அதிலும் புதிதாக அடைத்ததையே, தேடுவது நன்று.

மைனஸ் 18 டிகிரியில் உறைந்த பழம் பல மாதங்கள் தன் வர்ணத்தைக் காக்கும். ஆனால் பனிப் படிகங்கள் உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடுவதால், உருகத் தொடங்கியதும் கிண்ணத்தின் அடியில் ஊதா நீர் தேங்கி, ஆலையில் நடந்த அதே சேதம் சிறிய அளவில் நடந்தேறுகிறது. ஆகையால் உருகக் காத்திராமல், கொதிக்கும் கஞ்சியில் பழத்தை அப்படியே போட்டுவிடலாம். நொதி வேலை தொடங்குமுன் வெப்பம் அதனை முடக்கிவிடும். வெளியேறும் ஊதா நீரும் கஞ்சியிலேயே சேர்ந்துவிடும்.