ரூத்தின் கதையும் சிறுவர் கல்வியும்

சிறுவர்க்கு இரக்க உணர்வை ஊட்ட விழையும் விவிலிய ஆசிரியர் பலர் நல்ல சமாரியன் உவமையையே முதலில் எடுத்தாள்வர். அது சிறப்புடையதே. ஆயினும் அவ்வுவமையில் அடிபட்டுக் கிடப்பவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. உதவி பெறுபவரின் உள்ளத்தை அறிய, நான்கே அதிகாரங்கள் கொண்ட ரூத் நூலை நாம் நாட வேண்டும்.

பஞ்சத்தால் பெத்லகேமை விட்டு மோவாப் நாடு சென்ற நகோமி, அங்குக் கணவனையும் இரு மைந்தரையும் இழக்கிறாள். ஊர் திரும்பும் அவளுடன் மருமகள் ரூத்தும் வருகிறாள். மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் இஸ்ரவேலரின் சபைக்கு உட்படலாகாது என்பது உபாகமத்தின் (23) விதி. இதனைக் கூறாது விடின், கதை மாமியார் மெச்சிய மருமகளின் கதையாகச் சுருங்கிவிடும். நம் இல்லங்களில் அவ்வாறு சுருங்குவது மிக எளிது! தாய்வீடு திரும்பிய மற்றொரு மருமகள் ஓர்பாளைத் தீயவளாகக் காட்டுவதும் தவறு. நூல் அவளைப் பழிக்கவில்லை.

கதையின் உயிர்நிலை வயற்காட்சியே. வயலோரத்தை முற்றும் அறுக்காமலும் சிந்திய கதிரைப் பொறுக்காமலும் எளியவர்க்கும் அந்நியர்க்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் (19) பணிக்கிறது. எனவே ரூத் பொறுக்கியது பிச்சையன்று, அவளுக்குரிய உரிமை. நிலக்கிழான் போவாஸ் அதற்கும் மேலே செல்கிறான். அரிகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடுமாறும், அவளைக் கடிந்துகொள்ளாதிருக்குமாறும் வேலையாட்களுக்குக் கட்டளையிடுகிறான். பெறுபவள் நாணாவண்ணம் கொடுக்கும் இந்நுட்பம், திருக்குறளின் ஈகை அதிகாரம் பயின்ற நம் மாணவர்க்குப் புதிதாகத் தோன்றாது. வாற்கோதுமையை அவர்கள் கண்டிரார். சிகிஞ்சான் நெல்வயல்களைக் காட்டி விளக்கலாம். இன்று அங்கு இயந்திரமே அறுக்கிறது என்பது வேறு.

உயர்வகுப்பு மாணவரைப் பிறிதொன்றைத் தேடச் செய்யலாம். ரூத் ஊருக்குள் வந்த பின்னரும் நூல் அவளை 'மோவாபியப் பெண்' என்றே பலமுறை சுட்டுகிறது. நகர வாயிலில் அவளை மணக்க உரிமை கோரும் போவாஸும் அவ்வாறே கூறுகிறான். மணம் முடிந்தபின் அவள் வெறும் ரூத். தாவீதின் பாட்டனாகிய ஓபேதை ஈன்றவள். அவள் எப்பொழுது அவ்வூராள் ஆனாள்? பிறந்த நாட்டின் பெயர் நீங்கிய பின்னரா, நீங்குமுன்னரே வயலிலா? இவ்வினாவிற்கு ஆசிரியர் விடைகூற முந்தலாகாது. புதிய பள்ளியில் சேர்ந்து, இன்னும் 'அந்த ஊர்ப் பிள்ளை' என்றே அழைக்கப்படும் சிறுவன் அவ்வகுப்பில் இருப்பானாயின், முதற்கண் அவன் பேசட்டும்.