வெற்றிலைத் தட்டமும் வாய்ப் புற்றுநோயும்

விருந்தினரை வரவேற்கும்போது வெற்றிலைத் தட்டத்தை முன்வைப்பது தமிழர் இல்லங்களிற் பன்னெடுங் காலமாக நிலவிவரும் மரபு. திருமணப் பேச்சு உறுதிப்படுவதும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதினாலேயே. மலைநாட்டிலே குளிரிலும் மழையிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, பசியையும் களைப்பையும் மறக்கச் செய்யும் துணையாக இருப்பதும் அதுவே. இத்துணைச் சிறப்புடைய தாம்பூலத்தைப் பற்றிக் கசப்பானதோர் உண்மையைச் சொல்லவேண்டியிருக்கிறது. இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது வாய்ப் புற்றுநோய். பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கமே அதற்குத் தலையாய காரணம். புகைபிடித்தலும் மதுவும் சேர்ந்துகொண்டால் ஆபத்து மேலும் பெருகுகிறது.

வாசகரை அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. வயிற்றிலோ நுரையீரலிலோ மறைந்து வளரும் புற்றைக் காண்பதற்கு நுட்பமான கருவிகள் வேண்டும். வாயிலே தோன்றுவதையோ கண்ணாற் காணலாம், விரலால் தொட்டறியலாம். அப்படியிருந்தும் நோயாளரிற் பலர் நோய் முற்றிய பின்னரே வைத்தியசாலையை நாடுகின்றனர் என்பதே வருந்தத்தக்கது.

குற்றவாளி யார்?

1933ஆம் ஆண்டிலேயே, அக்காலத் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் வெற்றிலை போடுவோருக்கு உண்டாகும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி டாக்டர் ஓர் என்பவர் ‘லான்செட்’ என்னும் வைத்திய சஞ்சிகையில் எழுதினார். ஆயினும், “புகையிலைதான் தீயது, பாக்கு ஒன்றும் செய்யாது” என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டைப் புற்றுநோய்க் காரணி என 1985ஆம் ஆண்டில் வகுத்தது. பின்னர், 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத கூட்டும், தனிப் பாக்குங்கூடப் புற்றுநோயை விளைவிப்பனவே என்று அறுதியிட்டுக் கூறிற்று.

பாக்கில் உள்ள ‘அரிக்கோலின்’ என்னும் பொருள், கன்னத்தின் உட்தோலுக்குக் கீழே நார்களை மிகுதியாக உண்டாக்குகிறது. பாக்கின் துவர்ப்புச் சத்து அந்நார்கள் கரையாவண்ணம் இறுக்கிவிடுகிறது. நாளடைவிற் கன்னம் பதப்படுத்திய தோல்போல் விறைத்து, வாய் திறக்கமுடியாமற் போகிறது. சுண்ணாம்போடு பாக்குச் சேரும்போது, உயிரணுக்களின் மரபுப் பொருளைத் தாக்கும் வேதிப் பொருள்கள் பிறக்கின்றன. புகையிலையும் தன் நஞ்சைக் கூட்டுகிறது. இரவு பகலாக ஒரே கன்னத்தில் கூட்டை ஒதுக்கி வைப்போருக்குப் பெரும்பாலும் அவ்விடத்திலேயே புற்றுத் தோன்றுவது இதனாலேயே. பெரியோரைப் பார்த்துப் பழகும் மாணவர், கடைகளில் விற்கும் பாக்குச் சரக்குகளை மிட்டாய்போல் வாங்கி மெல்வது, இதனை அறியாமல் செய்யும் பிழையாகும்.

வாய் தரும் எச்சரிக்கைகள்

வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் முன்னறிவிப்போடுதான் வருகிறது. கன்னத்திலோ நாக்கிலோ வழித்தாலும் போகாத வெள்ளைப் படலம் ஓர் அறிகுறி. செந்நிறப் படலம் அதனினும் ஆபத்தானது. காரமான கறி வாயிற் பட்டதும் எரிவு, வாயைத் திறப்பதற்கு இடர்ப்பாடு, காரணமின்றிப் பல் ஆடுதல், கழுத்திற் கட்டி, மூன்று வாரமாகியும் ஆறாத புண் ஆகியவற்றையும் அலட்சியம் செய்யலாகாது.

இங்கே ஒரு தப்பெண்ணம் பலரைக் கெடுக்கிறது. நோவு இல்லையானால் நோயும் இல்லையென்று நாம் நினைக்கிறோம். தொடக்கத்திலே இந்நோயில் நோவு இருப்பதில்லை. பாட்டியார் உறைப்புக் கறியை ஒதுக்கிவிட்டுப் பாற்சோறு கேட்டால், “வயது போய்விட்டது, அப்படித்தான்” என்று வீட்டார் சமாதானம் அடைந்துவிடுகின்றனர். உறைப்பைத் தாங்கமாட்டாத அந்த வாயை வெளிச்சத்திற் பார்ப்பவர் எத்தனை பேர்?

மாதம் ஒருமுறை, வெளிச்சமான இடத்திலே கண்ணாடியின் முன் நின்று, உதடு, இரு கன்னங்களின் உட்புறம், முரசு, நாக்கின் மேலும் கீழும் பக்கங்களும், மேலண்ணம் ஆகியவற்றை முறையாகப் பார்த்தல் வேண்டும். நடுவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பல்வரிசைகளுக்கிடையே நுழைக்க முடிகிறதா என்றும் பார்க்கலாம். இதற்கு ஐந்து நிமிடமும் செல்லாது. சந்தேகம் எழுந்தால் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணமில்லை.

இலங்கையில் நடந்த ஆய்வு

இவ்வளவு எளிய பரிசோதனையாற் பயனுண்டா என்று ஐயுறுவோருக்கு நம் நாட்டிலேயே விடை கிடைத்திருக்கிறது. 1984ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்விலே, குறுகிய காலப் பயிற்சி பெற்ற 34 சுகாதார ஊழியர்கள் ஓராண்டிற் கிராமங்களிலே 28,000க்கு மேற்பட்டவர்களின் வாயைப் பரிசோதித்தனர். 1,220 பேரிடம் சந்தேகத்திற்குரிய குறிகளைக் கண்டனர். மறுபரிசோதனைக்கு வந்தோரிற் பெரும்பாலாரிடத்து ஊழியர்களின் கணிப்புச் சரியாகவே இருந்தது. ஆனால், அழைக்கப்பட்டவர்களிற் கணிசமானோர் மறுபரிசோதனைக்கு வரவே இல்லை! கண்டுபிடிக்கும் கண் இருந்தும், வைத்தியரிடம் செல்லும் மனம் இல்லாமற் போயிற்று.

பாக்கு நீரிணைக்கு அப்பால், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய பேராய்வும் இதனை வலியுறுத்துகிறது. ஊழியர்கள் வீடுதோறும் சென்று வாயைப் பரிசோதித்த பகுதிகளில், புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்ததாக 2005ஆம் ஆண்டில் வெளியான முடிவு கூறிற்று.

சிகிச்சையின் வளர்ச்சி

சிகிச்சை முறைகளும் இன்று வெகுவாக முன்னேறியுள்ளன. புற்றுக் கண்ட தாடை எலும்பை நீக்கிவிட்டு, காலிலிருந்து எடுத்த எலும்பையும் தசையையும் கொண்டு புதிய தாடை அமைக்கிறார்கள். கதிர்ச் சிகிச்சையைக் கட்டியின் வடிவத்துக்கேற்ப ஒடுக்கிச் செலுத்தி, சுற்றியுள்ள நல்ல பாகங்களைக் கூடியவரை காக்கிறார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின்மீது ஏவும் வழியைக் கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்சோ என்னும் இருவருக்கும் 2018ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலே மகரகமையிலும் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்க்கெனச் சிகிச்சை நிலையங்கள் உள்ளன.

எனினும், சிறிய புண்ணாக இருக்கும்போது வருபவர் பெரும்பாலும் ஒரு சத்திரசிகிச்சையோடு வீடு திரும்புகிறார். அத்தகையோரில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். முற்றிய நிலையில் வருபவர், சத்திரசிகிச்சையோடு பல வாரக் கதிர்ச் சிகிச்சையையும் தாங்கியபின், பேசவும் விழுங்கவும் மீண்டும் பழகவேண்டியவராகிறார். பிழைப்பவர் தொகையும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

பழக்கத்தை இன்றே கைவிட்டாற் பயனுண்டா என்று முதியோர் கேட்கலாம். உண்டு. வெள்ளைப் படலம் சிலருக்கு மறைந்துவிடுவதுண்டு. விறைத்துப்போன கன்னம் பழைய நிலையை அடையாவிடினும், நோய் மேலும் முற்றாமல் தடுக்க வழி பிறக்கிறது.

மங்கலப் பொருளாகிய வெற்றிலை தட்டத்திலே இருக்கட்டும். பாக்கும் புகையிலையும் வாயிலிருந்து நீங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தினர் எல்லோரும் வீட்டிலே கூடியிருக்கும் நாள். பிள்ளைகளே, உங்கள் பாட்டனாரையும் பாட்டியாரையும் முற்றத்து வெளிச்சத்திற்கு அழைத்துவந்து, அன்போடு வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஏதேனும் குறி தென்படின், மறுநாட் காலையிலேயே வைத்தியரிடம் கூட்டிச்செல்லத் தாய்தந்தையரைத் தூண்டுங்கள்.