கண்ணால் கண்டதும் பொய்யாகுமா?

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். காதால் கேட்டது பொய்யாகலாம். கண்ணால் கண்டது எவ்வாறு பொய்யாகும் என்ற ஐயம் நம்மில் பலருக்கு எழுவதுண்டு. மனித நினைவாற்றலை நூறாண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வரும் உளவியல் அறிஞர்கள் கண்டறிந்த உண்மைகள் இந்தப் பழமொழிக்கு மிக அருகில் வந்து நிற்கின்றன. கண்டவர் நேர்மையாளராக இருக்கலாம். அவர் சொல்வதில் ஒரு சொல்கூட வேண்டுமென்றே திரிக்கப்படாதிருக்கலாம். ஆயினும் கண்டதற்கும் சொல்வதற்கும் நடுவே 'நினைவு' என்ற ஒன்று ஓயாமல் வேலை செய்து கொண்டிருக்கிறது. அந்த வேலையின் தன்மையை அறியாமையால், குற்றமற்ற ஒருவர் பத்தரை ஆண்டுகள் சிறையில் கிடந்தார்.

மறக்கக் கூடாத முகம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஊர் பர்லிங்டன். 1984ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஓர் இரவு, 22 வயதுக் கல்லூரி மாணவியான ஜெனிஃபர் தாம்ஸனின் வீட்டுக்குள் ஒருவன் புகுந்தான். கழுத்தில் கத்தியை வைத்து அவரை மானபங்கப்படுத்தினான். அந்தக் கொடிய வேளையிலும் அப்பெண் மனத்தைத் திடப்படுத்திக் கொண்டார். உயிர் பிழைத்தால் இவனை அடையாளம் காட்டிச் சிறைக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று உறுதி பூண்டு, அவனுடைய முகத்தைக் கூர்ந்து நோக்கி மனத்தில் பதித்துக் கொண்டார். பின்னர் எப்படியோ தப்பி ஓடி உயிர் பிழைத்தார்.

சில நாட்களில் காவல் துறையினர் ஆறு பேரின் புகைப்படங்களை அவர் முன் வைத்தனர். ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் பார்த்த பிறகு, ரொனால்ட் காட்டன் என்ற இளைஞரின் படத்தை அவர் எடுத்துக் கொடுத்தார். அடுத்து நேரடி அடையாள அணிவகுப்பு நடந்தது. அதிலும் அவர் காட்டனையே காட்டினார். புகைப்படத்திலும் அணிவகுப்பிலும் இடம்பெற்றிருந்தவர் காட்டன் ஒருவர் மட்டுமே என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. "நீங்கள் முன்பு படத்தில் காட்டியவரும் இவர்தான்" என்று அதிகாரிகள் சொன்னபோது, அவருக்கிருந்த சிறு தயக்கமும் அகன்றது. நீதிமன்றத்தில் ஏறியபோது அவரிடம் எள்ளளவும் ஐயமில்லை. 1985ஆம் ஆண்டு காட்டனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

சிறையில் காட்டன் தம்மைப் போலவே தோற்றமுள்ள பாபி பூல் என்ற கைதியைக் கண்டார். அந்தக் குற்றத்தைச் செய்தவன் தானே என்று பூல் பெருமை பேசியதாகச் செய்தி பரவியது. 1987இல் வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்தபோது பூல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டான். ஜெனிஃபர் அவனைப் பார்த்தார். இவனை நான் கண்டதே இல்லை என்றார். காட்டன் மீண்டும் தண்டிக்கப்பட்டார்.

1995ஆம் ஆண்டு நடந்த மரபணுச் சோதனை உண்மையை வெளிக்கொணர்ந்தது. குற்றவாளி பூல்! அவனும் ஒப்புக் கொண்டான். அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் காட்டன் விடுதலையானார். எந்த முகத்தை மறக்கவே கூடாது என்று ஜெனிஃபர் மனத்தில் பதித்தாரோ அந்த முகம், நேரில் வந்து நின்றபோது அந்நியமாகிவிட்டிருந்தது. உண்மை தெரிந்த பிறகும் தம் நினைவில் எழுந்த முகம் காட்டனுடையதாகவே இருந்தது என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். 1997இல் இருவரும் சந்தித்தனர். அவர் மன்னிப்புக் கோரினார்; காட்டன் மன்னித்தார். இருவரும் நண்பர்களாகி, இத்தகைய தவறுகள் மீண்டும் நிகழாதிருக்க ஊர் ஊராகச் சென்று பேசினர். தங்கள் அனுபவத்தை 2009இல் ஒரு நூலாகவும் வெளியிட்டனர்.

நினைவு ஒரு பெட்டகமன்று

நடந்ததைப் படம் பிடித்துப் பூட்டி வைக்கும் பெட்டகம் என்றே நினைவை நாம் எண்ணுகிறோம். இந்த எண்ணம் தவறு என்பதை 1932ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் பிரடெரிக் பார்ட்லெட் எடுத்துக் காட்டினார். அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றைப் படிக்கச் செய்து, பின்னர் அதைத் திரும்பச் சொல்லுமாறு அவர் கேட்டார். சொன்னவர்கள் தமக்குப் பழக்கமில்லாதவற்றை விட்டுவிட்டனர். புரியாத இடங்களைத் தமக்குப் புரிந்தவாறு மாற்றிக் கொண்டனர். நினைவு கூர்தல் என்பது இருக்கும் துண்டுகளைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்பதே அவர் கண்ட முடிவு.

கட்டும்போது வெளியிலிருந்து ஒரு சொல் விழுந்தால்கூட அது சுவரில் சேர்ந்துவிடும். அமெரிக்க உளவியல் அறிஞர் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமருடன் இணைந்து 1974இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. 150 மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சி ஒன்று காட்டப்பட்டது. 50 பேரிடம், கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டனர். வேறு 50 பேரிடம் 'இடித்துக் கொண்டபோது' என்ற சொல்லைப் பயன்படுத்தினர். மீதிப் பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி எல்லாரிடமும் கேட்கப்பட்டது. 'நொறுங்க' என்ற சொல்லைக் கேட்டவர்களில் 16 பேர் பார்த்ததாகக் கூறினர். 'இடித்து' என்ற சொல்லைக் கேட்டவர்களில் 7 பேரும், வேகம் பற்றிக் கேட்கப்படாதவர்களில் 6 பேரும் அவ்வாறு கூறினர். உண்மையில் அக்காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை!

மறக்க முடியாத பெரும் நிகழ்ச்சிகளாவது பிழையின்றி நிற்குமா? 1986 ஜனவரி 28ஆம் நாள் 'சேலஞ்சர்' விண்கலம் வெடித்துச் சிதறி ஏழு பேர் மாண்டனர். எமரி பல்கலைக்கழகத்தின் உல்ரிக் நைஸர், மறுநாளே 106 மாணவர்களிடம், அச்செய்தியை எங்கே, எவர் வாயிலாகக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள் கேட்கப்பட்டன. 11 பேர் சொன்னது முழுமையும் தவறு. அவர்களிலும் பலர் தம் விடையில் மிக உறுதியாக இருந்தனர். அவர்கள் கையாலேயே எழுதிய பழைய தாளைக் காட்டியபோதும் முதல் நினைவு எவருக்கும் திரும்பவில்லை.

இதன் காரணம் மூளையின் இயல்பிலேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு கரீம் நாதிர் என்ற ஆய்வாளர், ஜோசப் லெடூ முதலியோருடன் சேர்ந்து எலிகளை ஆராய்ந்தார். ஓர் ஒலியைக் கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று அஞ்சப் பழகிய எலிகளுக்கு, அந்த ஒலியை மறுபடியும் கேட்கச் செய்து, உடனே மூளையில் புதிய புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார். அந்த அச்ச நினைவு தேய்ந்து போயிற்று. ஒலியால் நினைவூட்டப்படாமல் மருந்து மட்டும் பெற்ற எலிகளிடம் அச்சம் அப்படியே இருந்தது. நிலைபெற்றுவிட்ட நினைவும் வெளியே எடுக்கப்படும்போது இளகி, மீண்டும் உறைய வேண்டியிருக்கிறது என்பது இதிலிருந்து விளங்குகிறது. இளகிய வேளையில் அது மாறவும் கூடும்.

அச்சம் பதிக்கும் வடு

அப்படியானால், கொடுமைக்கு ஆளானவர் சொல்வதை நம்பக் கூடாதா? அவ்வாறு கருதினால் அது பெரும் அநீதி. ஜெனிஃபருக்கு நேர்ந்த கொடுமை முற்றிலும் உண்மை. பிழைபட்டது முகம் மட்டுமே.

பேரச்சத்தின்போது மூளையில் பாதாம் பருப்பு வடிவில் உள்ள 'அமிக்டலா' என்ற பகுதி விழித்துக் கொள்கிறது. நடந்ததன் மையம் ஆழமாகப் பதிகிறது. கத்தியின் முனையும் மரண பயமும் மறப்பதில்லை. ஆனால் கவனம் முழுவதையும் கத்தி கவர்ந்து கொள்ளும்போது, சுற்றியுள்ளவை மங்கிவிடுகின்றன. அமெரிக்க இராணுவத்தினர் 500க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சார்ல்ஸ் மார்கன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. பயிற்சி முகாமில் அவ்வீரர்கள் போர்க் கைதிகளைப் போல் நடத்தப்பட்டுக் கடுமையாக விசாரிக்கப்பட்டனர். தம்மை மென்மையாக விசாரித்தவரின் முகத்தைவிட, நேருக்கு நேர் நின்று கடுமையாக மிரட்டியவரின் முகத்தை மறுநாள் அடையாளம் காட்டுவதிலேயே பெரிதும் தவறினர்.

ஆகவே, அதிர்ச்சிக்கு உள்ளான ஒருவரின் சொல்லில் சிறு முரண்பாடுகள் தென்பட்டால், "நேற்று ஒன்று சொன்னாய், இன்று ஒன்று சொல்கிறாய், நீ பொய் சொல்கிறாய்" என்று பாய்வது அறியாமை.

பிஞ்சு மனங்கள்

குழந்தைகளின் நினைவு இன்னும் மென்மையானது. மிஷெல் லைக்ட்மன், ஸ்டீபன் சீசி ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சாம் ஸ்டோன் என்ற பெயருடைய ஒருவர் மழலையர் பள்ளிக்கு வந்து இரண்டு நிமிடங்கள் இருந்துவிட்டுச் சென்றார், எதையும் தொடவில்லை. ஒரு பிரிவுக் குழந்தைகளிடம், அவர் எதையும் போட்டு உடைப்பவர் என்று முன்பே சொல்லி வைத்திருந்தனர். பின்னர் பல வாரங்கள், அவர் புத்தகத்தைக் கிழித்தபோது கோபமாக இருந்தாரா என்பதைப் போன்ற கேள்விகளையும் கேட்டு வந்தனர். இறுதியில் அப்பிரிவின் 3, 4 வயதுக் குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல், அவர் அவ்வாறு செய்ததாகக் கூறினர். முன்கூட்டி ஏதும் சொல்லாமலும் தூண்டாமலும் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்கப்பட்ட குழந்தைகளோ உண்மையையே கூறினர். பிழை குழந்தையிடம் இல்லை, கேட்கும் முறையில் இருந்தது.

நேர்மை வேறு, துல்லியம் வேறு

இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஓர் அறிவிப்பாளரை இரண்டு அளவுகோல்களால் எடை போட்டனர். ஒன்று 'அதாலத்', அதாவது ஒழுக்கமும் நேர்மையும். மற்றது 'ளப்து', அதாவது கேட்டதைக் கேட்டவாறே காத்து வைத்துச் சொல்லும் துல்லியம். இறையச்சம் மிக்கவர் என்று ஊரே போற்றும் ஒருவராயினும், நினைவில் குறை காணப்பட்டால் அவருடைய அறிவிப்பைப் பலவீனமானது என்று ஒதுக்கினர். அதனால் அவரைப் பொய்யர் என்று தூற்றவுமில்லை. முதுமையில் நினைவு தடுமாறிய அறிவிப்பாளரிடம் தடுமாற்றத்துக்கு முன் கேட்டவை எவை, பின் கேட்டவை எவை என்றுகூடப் பிரித்து ஆராய்ந்தனர்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282ஆம் வசனம், தவணையிட்ட கடனை, சிறிதாயினும் பெரிதாயினும் எழுதி வைக்குமாறு பணிக்கிறது. சாட்சியம் உறுதிப்படவும் ஐயம் எழாதிருக்கவும் அதுவே ஏற்றது என்று காரணத்தையும் கூறுகிறது. ஒருவர் தவறும்போது மற்றவர் நினைவூட்டுவதையும் அது குறிப்பிடுகிறது. மனித நினைவின் இயல்பு அறிந்து தரப்பட்ட வழிகாட்டல் அது.

நாம் செய்ய வேண்டியவை

காட்டனைப் போன்றோர் பலர். மரபணுச் சோதனையால் அமெரிக்காவில் விடுதலையான முதல் 250 பேரின் வழக்குகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 190 வழக்குகளில் தவறான அடையாளம் காட்டல் இடம்பெற்றிருந்தது தெரிய வந்தது. வட கரோலினா மாநிலம் 2007இல் தனிச் சட்டம் இயற்றியது. சந்தேகத்துக்குரியவர் எவர் என்று அறியாத அதிகாரியே அணிவகுப்பை நடத்த வேண்டும். குற்றவாளி அதில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் சொல்ல வேண்டும். சாட்சிக்கு எவ்வளவு உறுதி என்பதை அப்போதே பதிவு செய்ய வேண்டும் என்பன அதன் விதிகள். தூண்டுதலின்றி முதன்முறை கேட்கப்பட்டபோது சாட்சி காட்டும் உறுதிக்கு மதிப்புண்டு. பலர் சொல்லக் கேட்டுப் பின்னர் வளர்ந்த உறுதிக்கு அந்த மதிப்பில்லை என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கருத்து.

இந்த விதிகள் நீதிமன்றத்துக்கு மட்டும் உரியவையல்ல. குழந்தை அழுதுகொண்டு பள்ளியிலிருந்து வந்தால், "அவன் அடித்தானா?" என்று கேட்காமல், "என்ன நடந்தது, சொல்லம்மா" என்று கேளுங்கள். அது சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே அன்றே எழுதி வையுங்கள்.

குடும்பப் பிணக்குகள் ஜமாஅத்தின் முன் வரும்போது, இரு தரப்பாரையும் தனித்தனியே, முதலிலேயே கேட்டு எழுதிக் கொள்வது நல்லது. ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டபின் இருவர் நினைவும் கலந்துவிடும். கடனோ, பாகப் பிரிவினையோ, வாய்மொழி வாக்குறுதியோ எதுவாயினும் எழுத்தில் இருக்கட்டும்.

கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் பத்தாண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை இருவிதமாகச் சொல்லி மோதிக் கொள்வதை நாள்தோறும் காண்கிறோம். இருவரில் ஒருவர் பொய்யர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இருவருமே தம் உள்ளத்தில் உள்ளதை உண்மையாகவே சொல்லிக் கொண்டிருக்கலாம். "நீ பொய் சொல்கிறாய்" என்ற சொல்லை விடுத்து, "எனக்கு நினைவிருப்பது இப்படி" என்று சொல்லப் பழகினால், உறவுகள் பல முறியாமல் நிலைக்கும்.