அமைவுக் கோப்பும் ஆட்ட நேர்மையும்

இணையவழி விளையாட்டில் ஒருவர் தம் கணிப்பொறியிலுள்ள அமைவுக் கோப்பைத் திருத்திக்கொள்வது மோசடியாகுமா? 1999-இல் வெளிவந்த 'குவேக் 3 அரீனா' இவ்வினாவிற்குத் தக்க சான்று. அதன் அமைவுக் கோப்பு எவரும் திறந்து திருத்தத்தக்க எழுத்துக் கோப்பே. சுவர்களின் வண்ணநுணுக்கத்தைக் குறைத்தால் எதிராளி எளிதில் புலப்படுவார். இதனை ஆக்கியோர் தடுக்கவில்லை. இருளை அறவே அகற்றும் கட்டளையை மட்டும், ஆட்டத்தை நடத்தும் வழங்கி இசைந்தாலன்றிச் செயற்படாவாறு பூட்டிவைத்தனர். இதுவரை ஐயமில்லை.

சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. நொடிக்கு 125 காட்சிச் சட்டங்கள் என ஒரு வரியை அமைத்தால், வேகத்தை முழு எண்ணாக்குகையில் நேரும் பிழையால் ஆட்டக்காரர் சற்று உயரத் தாவினார்! இது காட்சி வசதியன்று. கால்வலிமையே கூடியதை ஒக்கும். எனினும், அவ்வெண் எல்லாரும் அறிந்த செய்தியானபின் மோசடி என்னும் பெயர் அதற்குப் பொருந்தவில்லை. ஒரு சிலரே அறிந்திருந்த நாளில் அதனை நேர்மை என்பேனா? தயங்குவேன்.

2024 ஆகஸ்டில், ஒரே விசையில் பல இயக்கங்களைக் கோக்கும் வரிகளை 'கவுன்டர்-ஸ்ட்ரைக் 2' ஆட்டத்தில் வால்வ் நிறுவனம் விலக்கியது. குதித்துக்கொண்டே குண்டெறியப் பலர் ஆண்டுக்கணக்கில் வெளிப்படையாக வைத்திருந்த வரியும் அவற்றுள் ஒன்று.