ஊர் வாசிப்பு – 11: போளுக்குள் போக ஒரு துணை

அகமதாபாத்துக்குக் கட்டடம் பார்க்கவென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சபர்மதியின் மேற்குக் கரையைப் பார்த்துவிட்டு மனநிறைவோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். லெ கொர்பூசியே வடிவமைத்த ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடம், லூயி கான் செங்கல்லில் எழுப்பிய இந்திய மேலாண்மைக் கழகம், 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய பி.வி. தோஷியின் சங்காத் எல்லாமே அந்தக் கரையில்தான். இன்னும் கொஞ்சம் நேரம் இருப்பவர்கள் பாலம் தாண்டிக் கிழக்கே வந்து, 1424-இல் கட்டி முடித்த ஜாமா மசூதியையும் சிதி சையத் மசூதியின் கல் ஜன்னலையும் படம் எடுத்துக்கொள்வார்கள். பார்க்க வேண்டியவைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2017 ஜூலையில் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ அறிவித்தது, 1411-இல் முதலாம் அகமது ஷா நிறுவிய மதில் நகரத்தை. அதன் மசூதிகளோடும் கோட்டையோடும் சேர்த்து அதன் தெருக்களையும் வீடுகளையும். அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டிய சிற்பியின் பெயரும் கிடையாது, வாசலில் தொல்லியல் துறைப் பலகையும் கிடையாது. இவற்றை எப்படிப் பார்ப்பது? நாலைந்து பேருக்கு மேற்படாத குழுவாக, இடம் தெரிந்த ஒருவரைக் கூலி பேசி அமர்த்திக்கொண்டு, காலால் நடந்து. காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. அந்தக் கட்டடங்களின் அமைப்பே அப்படியொரு நடையைத்தான் கேட்கிறது என்பது என் வாதம்.

போள் என்பது ஒரே வாசலுக்குள் அடங்கிய தெருக்கொத்து. பெரிய சாலையிலிருந்து ஒரு மரக்கதவு. அதற்கு மேலே காவல்காரர் இருந்த அறை. உள்ளே போனால் கிளைகிளையாகப் பிரியும் சந்துகள். பாதிக்குமேல் முட்டுச்சந்துகள். நடுவே எங்காவது ஒரு பொதுக்கிணறு, ஒரு கோயில், கம்பத்தின் உச்சியில் பறவைகளுக்குத் தானியம் போடும் சபூத்ரோ. வீடுகள் பக்கச்சுவரைப் பகிர்ந்துகொண்டு நெருக்கி நிற்பதால் ஒவ்வொன்றிலும் வெயில் படுவது முகப்பிலும் மாடியிலும் மட்டும். முகப்பிலும் மேல்தளம் கீழ்த்தளத்தைவிடச் சற்று முன்தள்ளியிருக்கும். சந்துக்கு அதுவே குடை. கோடையில் 45 டிகிரியைத் தொடும் ஊர் இது. 2010 மே மாத வெப்ப அலையில் ஏராளமானோர் இறந்தபின், 2013-இல் தெற்காசியாவிலேயே முதன்முதலாக வெப்பச் செயல்திட்டம் வகுத்ததும் இந்த ஊர் மாநகராட்சிதான். சந்தின் அகலத்தை இங்கே தீர்மானித்தது வண்டி அல்ல, நிழல். அதனாலேயே இதைக் கேமராவில் பிடிப்பது கஷ்டம்: ஒரு முகப்பு முழுவதும் படத்தில் வரப் பின்னால் நகர்ந்தால் எதிர்வீட்டுத் திண்ணையில் முதுகு இடிக்கும். முப்பது பேரை உள்ளே கூட்டிப்போனால் விளக்கம் முதல் ஆறு பேருக்குக் கேட்கும். ஸ்கூட்டர் ஒன்று வந்தால் அதுவும் நின்றுபோகும்.

முகப்பின் மரவேலைப்பாட்டைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டால் போளின் பாதியைக்கூடப் பார்த்ததாகாது. திண்ணையும் ரேழியும் தாண்டினால் முற்றம். அதன் கல்தளத்தில் ஒரு மூலையில் சிறிய மூடி ஒன்று இருக்கும். யாரும் சொல்லாவிட்டால் சாக்கடை மூடி என்றே நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். அதன் அடியில் இருப்பது செங்கல்லால் கட்டி உட்புறம் சுண்ணாம்பு பூசிய நிலத்தடி அறை, டாங்கா என்பார்கள். கிணற்றுநீர் பல இடங்களில் உப்புக்கரித்ததால் குடிக்க மழைநீரையே நம்பவேண்டியிருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் மாடியைக் கூட்டிக் கழுவுவார்கள். முதல் மழையின் நீரை உள்ளே விடாமல் வெளியே திருப்பிவிடுவார்கள். மாடியின் அழுக்கெல்லாம் போனபிறகே சுவரோடு இறங்கும் குழாயின் வழியை டாங்காவுக்குத் திறப்பார்கள். வெளிச்சம் புகாததால் பாசி பிடிக்காது. செம்பு விட்டு மொண்டு, அடுத்த மழைவரை குடிப்பார்கள். மாடியின் சரிவு, குழாய் இறங்கும் இடம், முற்றத்தின் அளவு, முற்றத்தில் செருப்புக்கால் வைக்கக்கூடாது என்ற கண்டிப்பு எல்லாம் இந்த ஒரு மூடியோடு கட்டுண்டவை. நகராட்சித் தலைவராக இருந்த ரஞ்சோட்லால் சோட்டாலால் (ஊரின் முதல் நூற்பாலையை 1861-இல் ஓட்டிக் காட்டியவரும் இவரே) 1890-களின் தொடக்கத்தில் குழாய்நீரையும் சாக்கடைத் திட்டத்தையும் கொண்டுவரப் பாடுபட்டபோது ஊரார் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். வரி கூடுமே என்ற பயம் அதில் இருந்தது. முற்றத்துக்கு அடியிலேயே ஓராண்டுத் தண்ணீர் வைத்திருந்தவர்களுக்கு அந்த அவசரம் உறைக்காததும் காரணமாக இருந்திருக்கலாம். நாமோ 2003-இல் சட்டம் போட்டுத்தான் தமிழ்நாட்டு வீடுகளில் மழைநீர்க் குழாய் பொருத்தினோம். அவற்றில் எத்தனை இன்று அடைப்பில்லாமல் இருக்கின்றன என்று அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே தெரியாமல் இருப்பதையே இலக்கணமாகக் கொண்ட கட்டடங்களும் இங்கே உண்டு. சமணர்களின் தேராசர்கள் சில, தெருவிலிருந்து பார்த்தால் பக்கத்து வீடுபோலவே நிற்கும். கோபுரம் இல்லை, சிகரம் இல்லை. உள்ளே போனால் பளிங்கு மண்டபம். அதற்கும் கீழே படியிறங்கினால் நிலவறையில் தீர்த்தங்கரர். படையெடுப்பும் கொள்ளையும் பழகிய காலத்தில், செல்வமுள்ள ஒரு சமூகம் தன் கோயிலை வீட்டுக்குள் ஒளித்துவைத்தது. மரவேலையும் அப்படித்தான். கண்ணில் படுவது தூணின் பூவேலையும் முட்டுச்சட்டத்தின் கிளியும் மயிலும். வீட்டைத் தாங்குவதோ சுவருக்குள் மறைந்திருக்கும் மரச்சட்டம். செங்கல் வரிசைகளுக்கிடையே படுக்கைவாட்டில் ஓடும் மரக்கட்டைகள். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில், மையம் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தும், இந்த ஊரில் புதிய கான்கிரீட் அடுக்குமாடிகள் பல சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். தரைத்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்துவிட்டுத் தூண்களின்மேல் நிறுத்திய கட்டடங்கள் அவற்றில் நிறைய. பழைய நகரத்து மரச்சட்ட வீடுகள் பொதுவாகத் தாக்குப்பிடித்தன. ஆட்டம் வந்தபோது மரம் வளைந்துகொடுத்தது. அலங்காரம் எங்கே முடிகிறது, பாரம் தாங்கும் வேலை எங்கே தொடங்குகிறது என்பதை விரல் வைத்துக் காட்ட ஆள் வேண்டும்.

இதற்குத் தனியாரிடம் ஏன் போகவேண்டும், மாநகராட்சி நடத்தும் பாரம்பரிய நடையே இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1997 நவம்பர் 19 அன்று தொடங்கிய அந்த நடை, காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் புறப்பட்டு ஜாமா மசூதியில் முடிகிறது. கட்டடக்கலைஞர் தேபாஷிஷ் நாயக்கும் மாநகராட்சியின் பாரம்பரியப் பிரிவும் சேர்ந்து அதை ஆரம்பித்தபோது, பழைய நகரத்தை ஒழுகும் கூரையும் நெரிசலுமாக மட்டுமே பலர் பார்த்தார்கள். அந்தப் பார்வை மாறியதில் இந்த நடைக்குப் பங்கு உண்டு. யுனெஸ்கோ அங்கீகாரம் இருபது ஆண்டு கழித்து வந்தது. முதல்முறை போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு அதில் சேரலாம், கட்டணமும் குறைவு. ஆனால் அது பொதுநடை. வழி மாறாது, நேரம் மாறாது, கூட்டத்தோடு வீடு புகவும் முடியாது. ஒரே வழியில் இத்தனை ஆண்டு நடந்தால் பேரும் கவனமும் அந்த வழியிலேயே தங்கும். மதில் நகரத்தில் போள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மற்றவற்றுக்குள் வெளியாள் கால் வைக்கச் சின்னக் குழுவும், உள்ளூரில் முகம் தெரிந்த ஒருவரும் இருந்தால்தான் நடக்கும். பொதுநடை அகரவரிசை என்றால் தனிநடை வாசிப்பு. ஒன்று மற்றதற்கு மாற்றாகாது.

அடுத்தவர் வீட்டு முற்றத்தைக் காட்சிப்பொருளாக்கிக் காசு பார்க்கிறார்களே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். துணி காயும் கொடிக்கு அடியில் நின்று அந்நியர்கள் படமெடுப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் தங்கள் வீட்டுக்கு வெளியாரைப் பணத்துக்கு விடுவது போள்காரர்களுக்குப் புதிதில்லை. ஜனவரி 14 உத்தராயணத்தன்று பட்டம் விட இந்த மாடிகளுக்கு வாடகை கொடுத்து வரும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். அங்கே விதியை வகுப்பது வீட்டுக்காரர். வருமானமும் அவருக்கே போகிறது. நடையிலும் அப்படி இருந்தால் ஆட்சேபத்தின் கூர் மழுங்கிவிடும். வழிகாட்டி மட்டும் காசு வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரருக்கு வெறும் நமஸ்காரத்தோடு முடித்தால் ஆட்சேபம் சரிதான். வழிகாட்டிகள் கதை அளப்பார்கள் என்பதும் உண்மை. முயல் ஒன்று வேட்டைநாய்களைத் துரத்தியதைப் பார்த்து அகமது ஷா இங்கே நகரம் அமைத்தார் என்று சொல்லாத வழிகாட்டி அரிது. இதே முயல் விஜயநகரத்துக் கதையிலும் நாயைத் துரத்துகிறது, கண்டிக் கதையிலும் துரத்துகிறது. ஆளைச் சோதிக்க இது நல்ல உரைகல்: முயலை வரலாறாகச் சொல்கிறாரா, கதையாகச் சொல்கிறாரா? லம்பேஷ்வர் போளில் கவிஞர் தல்பத்ராமின் சிலைக்குப் பின்னால் நிற்கும் வீட்டு முகப்பு பிற்காலத்தில் மறுபடி எழுப்பியது என்பதை அவராகவே சொல்கிறாரா? சொன்னால் நம்பி மேலே நடக்கலாம்.

எனக்கு மிகவும் உறுத்துவது இன்னொன்று. போளின் வாசற்கதவு யாரைக் காத்தது என்று கேட்டால் யாரைத் தள்ளியது என்றும் கேட்கவேண்டும். போள்கள் சாதியாகவும் தொழிலாகவும் மதமாகவும் பிரிந்தவை. முகலாய ஆட்சி தளர்ந்து மராட்டியர் கை ஓங்கிய 18-ஆம் நூற்றாண்டுக் குழப்பத்தில் அந்தக் கதவுக்கு அவசியம் கூடியது. வீடு விற்பதென்றால் வெளியாளுக்கு விற்கப் போள் பஞ்சாயத்து எளிதில் இடம் கொடுக்காது. பக்கத்துப் போளுக்குத் திறக்கும் பின்வழிகளை வழிகாட்டிகள் ரகசியப் பாதை என்று உற்சாகமாகக் காட்டுவார்கள். கலவர நேரத்தில் உயிர் தப்ப அவை உதவின என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1969, 1985, 2002 என்று இந்த ஊர் கலவரங்களைக் கண்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பிறகு மக்கள் தங்கள் மதத்தார் கூடியிருக்கும் பகுதிகளுக்கு நகர்ந்தார்கள். இதைச் சொல்லாமல் மர மயிலை மட்டும் காட்டும் நடை, பொய் சொல்லும் நடை. ஆனால் இதற்காக நடையையே விடவேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ஒதுக்கலின் சாட்சி அந்தக் கதவிலும் பூட்டிலும் காவல் அறையிலும்தான் இருக்கிறது. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதை நேரில் நின்று பார்ப்பவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இவ்வளவு நடந்தும் வீடுகள் விழுகின்றனவே, நடையால் கூரை மாறுமா என்றால், மாறாது. ஒரு வீட்டுக்குப் பத்து வாரிசு, அதில் எட்டுப் பேர் மேற்குக் கரையில், கீழே பழைய வாடகைக்காரர், மேலே கரையான். விற்றால் கிடங்காகும், முட்டுச்சட்டங்கள் பழம்பொருள் கடைக்குப் போகும். பாரம்பரிய வீட்டுக்காரர்கள் தங்கள் மனைக்குரிய கூடுதல் கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு விற்றுப் பழுதுபார்க்கும் ஏற்பாட்டை மாநகராட்சி செய்திருக்கிறது. உருப்படியான உதவி அதுபோன்றவைதான். என்றாலும் 2020 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். லூயி கான் கட்டிய மாணவர் விடுதிகளில் பெரும்பாலானவற்றை இடிக்கப்போவதாக மேலாண்மைக் கழகம் அறிவித்ததும் உலகெங்கும் இருந்து கட்டடக்கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே அறிவிப்பு வாபஸ் ஆனது. 2022-இல் கழகம் மறுபடி இடித்துக் கட்டும் யோசனைக்கே திரும்பியது வேறு விஷயம். கவனிக்க வேண்டியது, அங்கே ஒரு வழக்காடல் நடந்தது. போளில் ஒரு வீடு இடிந்தால் வழக்காட ஆள் இல்லை, ஏனென்றால் அதைத் தெரிந்தவர் இல்லை. ஒரு காலைநேரத்தில் நாலு பேர் அதைப் புரிந்துகொண்டு திரும்பினால், அந்த நாலு பேர் கூடுகிறார்கள். அதற்குமேல் நடையிடம் எதிர்பார்ப்பது அநியாயம்.

அகமதாபாத் போகிறவர்கள் சபர்மதி ஆசிரமத்துக்கும் அடாலஜ் படிக்கிணற்றுக்கும் ஒதுக்கிய நேரத்தோடு ஒரு காலைப்பொழுதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் போனால் நல்லது. கடைகள் திறக்குமுன் சந்துகளில் நடமாட இடம் கிடைக்கும். வழிகாட்டியிடம் கூலி பேசும்போதே, உள்ளே அழைக்கும் வீட்டாருக்கு அதில் எவ்வளவு போகும் என்று கேட்டுவிடுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

(தொடரும்)