போன் தூங்கினாலும் அவசரச் செய்தி தவறக்கூடாது



1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையால் டோர்ச் பட்டரியும் உள்ளே கொண்டுபோக முடியாது. அப்படியிருந்தும் அங்குள்ள சனங்கள் ரேடியோச் செய்தியை விடவில்லை. எப்படி என்கிறீர்களா? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ பேசும். நாள் முழுக்கச் சுற்ற யாரால் முடியும்? செய்தி நேரத்துக்குப் போடுவார்கள், முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

நம்ம கையிலுள்ள போனும் ஒரு சின்னக் கம்பியூட்டர்தான். அதுவும் இப்படித்தான் பட்டரியை மிச்சம் பிடிக்கிறது. போனைக் கீழே வைத்ததும் திரை அணையும்; அதன் மூளையான புரொசசரும் தூங்கிவிடும். உள்ளே ஒரு சின்னக் கடிகாரம் மட்டும் தூங்காது. வினாடிக்கு 32,768 தடவை அதிரும் பளிங்குத் துண்டால் ஓடுகிற அதற்கு மிகமிகக் கொஞ்ச மின்சாரம் போதும். விடிய 5 மணிக்கு அலாரம் வைத்தால், புரொசசரைத் தட்டி எழுப்புவது அந்தக் கடிகாரம்தான்.

மற்ற வேலைகள்? 2015இல் வந்த ஆன்ட்ரொய்ட் 6 முதல், சும்மா கிடக்கும் போன் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எழும்புவதில்லை. பிரட்டுக்களத்தில் எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டி வேலை பிரிப்பது போல, பல வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக முடித்துவிட்டு மறுபடி தூங்கும். சார்ஜ் நெடுநேரம் நிற்கும்.

ஆனால் அப்படிக் காத்துக்கிடக்கும் செய்தி மண்சரிவு எச்சரிக்கையாக இருந்தால்? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் எச்சரிக்கிறது. இன்டர்நெட் வழியாக வரும் செய்தி தூங்கும் போனில் பிந்தலாம். போன் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் அதை உடனே எழுப்பும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. மழைக்காலத்தில் பொழுது சாயுமுன் சார்ஜ் ஏற்றி வையுங்கள். பட்டரி செத்தால் அலாரமும் அடிக்காது.

2. எச்சரிக்கை வரும் செயலிக்கு மட்டும், போனின் பட்டரி அமைப்பில் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் எடுத்தால் சார்ஜ் சீக்கிரம் தீரும்.

3. சிவப்பு எச்சரிக்கை தெரிந்தால் குழுவில் மெசேஜ் போட்டதோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்து லயத்தாருக்குக் கோல் எடுங்கள். கிடைக்காவிட்டால் கதவைத் தட்டுங்கள்.

குடாநாட்டுச் சனங்கள் அன்று மிச்சம் பிடித்தது செய்தி நேரத்துக்காக. நாமும் மழை இரவுக்காகக் கொஞ்சம் சார்ஜை மிச்சம் பிடிப்போம்.